பாரத நாட்டின் சதுரங்கப் பட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

சதுரங்கம் பாரத நாட்டிலே தோன்றிய விளையாட்டு என்று நாம் பெருமையுடன் பேசிக்கொள்கிறோம். அப்பெருமை பொய்யன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே இவ்விளையாட்டுக்குப் பெயர் தந்தது. அப்பெயர் பாரசீகத்தில் ‘சத்ரங்க்’ என்றும் அரபு நாட்டில் ‘ஷத்ரஞ்ச்’ என்றும் திரிந்து மேல்நாடு சென்றது. நம் தமிழகத்தில் மன்னார்குடிக்கு அருகே திருப்பூவனூரில், சதுரங்க வல்லபநாதர் என்னும் திருநாமத்துடன் சிவபெருமான் கோயில் கொண்டிருக்கிறார். இறைவன் முதியவர் வடிவில் வந்து அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் புராணம்.

இத்துணைப் பழமை வாய்ந்த விளையாட்டில், நாட்டிலேயே தலைசிறந்தவர் யார் என்று முறைப்படி தீர்மானிக்கும் தேசியப் போட்டி எப்போது தொடங்கியது? 1955-ஆம் ஆண்டிலேதான். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட விளையாட்டுக்கு, எழுபது ஆண்டுகளாகத்தான் தேசியப் பட்டம் இருந்துவருகிறது. இக்காலத் தாழ்வுக்குக் காரணம் யாது? போட்டி ஏற்பட்டதனால் விளைந்த பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் கற்றறிந்த வரையில், அவ்விடையை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம். புரவலரின் தயவில் வாழ்ந்த ஆட்டம், விதியின் நிழலுக்கு வந்து சேர்ந்த வரலாறே நமது தேசியச் சதுரங்கப் போட்டியின் வரலாறு.

புரவலர் காலம்

முற்காலத்தில் சதுரங்க வல்லுநர்கள் நாடெங்கும் இருந்தனர். அவர்கள் விளங்குவதற்கு அரசவையோ, செல்வர் மாளிகையோ, ஆங்கில அதிகாரிகளின் கழகமோ வேண்டியிருந்தது. 1814-ஆம் ஆண்டில் திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பார் வடமொழியில் இயற்றிய சதுரங்க நூலொன்று ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுப் பம்பாயில் அச்சாயிற்று. அவர் தென்னாட்டுப் புலவர் என்பதை அவர் பெயரே கூறும். சென்னையில் குலாம் காசிம் என்னும் வல்லுநர், சிவில் சர்வீஸ் அதிகாரி ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து ஆட்டத் தொடக்க முறையொன்றை ஆராய்ந்து 1829-இல் நூல் வெளியிட்டார். அதே காலத்தில் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடிதம் மூலமாகவே சதுரங்கப் பந்தயம் நடந்ததுண்டு. ஒரு நகர்த்தலை எழுதி அனுப்பி, மறுமொழி வரும்வரை நாட்கணக்கில் காத்திருந்து ஆடிய அவர்களுடைய பொறுமையை என்னென்பது!

வங்கத்தில் மகேஷ் சந்திர பானர்ஜி என்பவர் நாட்டுப்புறத்திலே ஆடி வந்தார். தோல்வியே அறியாதவர் என்று அவரைப் பற்றிக் கேள்வியுற்ற ஜான் காக்ரேன் என்னும் ஆங்கிலேயர், 1840-களின் இறுதியில் அவரைத் தேடிப் பிடித்துக் கல்கத்தாவில் தம்முடன் ஆடச் செய்தார். (இவர் சென்னைக் காக்ரேனின் வேறானவர்.) கறுப்புக் காய்களைக் கொண்டு மகேஷ் சந்திரர் ஆடிய தற்காப்பு முறை மேல்நாட்டாரைக் கவர்ந்தது. ‘இந்தியத் தற்காப்பு’ என்னும் தொடர் இன்றளவும் உலகெங்கும் சதுரங்க நூல்களில் வழங்குவதற்கு அவ்வாட்டங்களே மூலம். ஆயினும் காக்ரேன் அவரைத் தேடாதிருந்தால், அப்பெயரை யார் அறிந்திருப்பார்கள்?

இந்நிலைக்குத் தலையாய சான்று மீர் சுல்தான் கான் அவர்களின் வாழ்க்கை. இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபுப் பகுதியில் பிறந்த அவர், சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழாரின் ஆதரவில் இருந்தார். 1928-இல் நடந்த அகில இந்தியப் போட்டியில் எட்டு ஆட்டங்களில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றிலும் தோல்வியுறாமல் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு புரவலருடன் லண்டன் சென்றார். 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையும் ஹேஸ்டிங்ஸ் நகரில் வீழ்த்தினார். பன்னாட்டு ஒலிம்பியாடு போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதற் பலகையில் அமர்ந்து ஆடினார்.

1933-இல் புரவலர் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். அதன்பின் உலக அரங்குகளில் அவரைக் காண முடியவில்லை. 1966-இல் அவர் மறைந்தார். அவரைப் பணியாள் என்றே மேல்நாட்டார் பலர் எழுதிவைத்தனர். அவர் குடும்பத்தார் அதனை மறுத்துள்ளனர். எதுவாயினும், புரவலரின் கப்பலேறிச் சென்ற புகழ் அவர் திரும்பியதும் நின்றுவிட்டது என்பதை மறுக்க இயலாது. 2024-இல், அவர் மறைந்து 58 ஆண்டுகள் கழித்து, உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது. வழங்கியது நன்றே. ஆனால் அப்பட்டத்தைக் கையில் வாங்க அவர் இல்லை.

ஒரு நாடு, பல விதிகள்

தேசியப் போட்டி தாமதமானதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நாடு முழுவதும் ஒரே விளையாட்டை ஆடியதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், ஊருக்கு ஊர் விதி வேறுபட்டிருந்தது. நம் தில்லி மாநகரில் 1901-இல் லாலா ராஜா பாபு என்பவர் வெளியிட்ட சதுரங்க நூல், இந்நாட்டில் வழங்கிய ஆட்ட முறைகளைப் பிரித்துக் காட்டுகிறது. 1913-இல் சதுரங்கத்தின் பெருவரலாற்றை எழுதிய மர்ரே என்னும் ஆங்கில அறிஞருக்கும் அந்நூல் பயன்பட்டது.

நாட்டு முறைக்கும் பன்னாட்டு முறைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பன்னாட்டு முறையில் காலாள் முதல் நகர்த்தலில் இரு கட்டம் செல்லலாம். நாட்டு முறையில் ஒரு கட்டமே செல்லும். பன்னாட்டு முறையில் அரசனைக் கோட்டைக்குள் பத்திரப்படுத்தும் நகர்த்தல் உண்டு. நாட்டு முறையில் அதற்குப் பதிலாக, அரசன் ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். காலாள் எதிர்க்கரையை அடைந்தால் பன்னாட்டு முறையில் வேண்டிய காயாக மாறலாம். நாட்டு முறையிலோ எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் பெரும்பாலும் மாற முடியும். நாட்டு முறையில் ஆட்டம் மெல்ல வளரும். பன்னாட்டு முறையில் பத்தாவது நகர்த்தலிலேயே போர் மூண்டுவிடும்.

ரயில்வே ஊழியராகிய நமக்கு இதனைக் காணுங்கால் இருப்புப் பாதைகளின் நினைவு வருகிறது. ஒரு காலத்தில் திருச்சியிலிருந்து மீட்டர் பாதையில் வந்த பயணி சென்னை எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரல் நிலையம் சென்று, அகலப் பாதை வண்டியில் ஏறித்தான் தில்லிக்கு வர முடியும். வண்டி இருந்தது, பாதையும் இருந்தது. பாதையின் அகலம் வேறாதலின் ஒரு பெட்டி மற்றொன்றில் ஓடாது. 1992-இல் ஒரே அளவுப் பாதைத் திட்டம் தொடங்கியதன் பின்னரே அவ்வில்லல் படிப்படியாகக் குறைந்தது. சதுரங்கத்திலும் அவ்வாறே. லட்சுமணபுரியில் சிறந்தவரும் மதுரையில் சிறந்தவரும் சந்தித்தால், யாருடைய விதிப்படி ஆடுவது? விதி ஒன்றாகாத வரையில் ‘இந்தியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்’ என்னும் சொல்லுக்குப் பொருளே இல்லை.

ஏலூரில் இட்ட கால்கோள்

விடுதலைக்குப் பின்னர் இதற்கு வழி பிறந்தது. 1947-இல் சென்னையில் மாநிலச் சதுரங்கச் சங்கம் அமைந்தது. 1951-இல் அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனம் தோன்றியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1955-இல், முதல் தேசியப் போட்டி ஆந்திர நாட்டு ஏலூரு நகரில் நடைபெற்றது.

ஏலூரு பெருநகரமன்று; முடிமன்னர் தலைநகருமன்று. சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் இருப்புப் பாதையில், விஜயவாடாவைத் தாண்டியதும் வரும் ஊர். பம்பாயும் கல்கத்தாவும் தில்லியும் இருக்க, நாட்டின் முதற் பட்டப் போட்டியை நடத்தும் பேறு அந்நகருக்கு வாய்த்தது. பெரிய காரியங்கள் எப்போதும் பெரிய ஊர்களில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

அப்போட்டியில் பம்பாய்ப் பகுதியைச் சேர்ந்த ராமச்சந்திர சப்ரேயும் ஆந்திரத்தின் டி. வெங்கையாவும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். மராத்தி பேசும் ஒருவரும் தெலுங்கு பேசும் ஒருவரும் சேர்ந்தே முதற் பட்டத்தை ஏந்தினர் என்பது நினைக்க நினைக்க இனிக்கும் செய்தி. மொழிவழி மாநிலங்களைப் பற்றி நாடு வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது 64 கட்டங்களின் முன் மட்டும் எல்லாரும் ஒரே மொழி பேசினர். மறு ஆண்டே, 1956-இல், மாஸ்கோவில் நடந்த ஒலிம்பியாடு போட்டியில் இந்திய அணி முதன்முறையாகக் கலந்துகொண்டது.

முதலில் இப்போட்டி ஈராண்டுக்கு ஒருமுறை நடந்தது. எழுபதுகளிலிருந்து ஆண்டுதோறும் நடக்கலாயிற்று.

மானுவேல் ஆரோன்

தேசியப் போட்டியின் முதற் கால் நூற்றாண்டை ஒரே பெயரால் குறிக்க வேண்டுமாயின், அப்பெயர் மானுவேல் ஆரோன் என்பதே. இவர் 1935-இல் பர்மாவில் தவுங்கூ என்னும் ஊரில் பிறந்தவர். தமிழகத்தில் வளர்ந்து, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். கடல் கடந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. வடநாட்டில் படித்த மாணவர். பிறந்த மண்ணை விட்டு வந்து தலைநகரில் வாழும் நமக்கு இச்செய்தி நெருக்கமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

1959-இல் ஆரோன் தேசியப் பட்டத்தை முதன்முறை வென்றார். 1981-ஆம் ஆண்டுக்குள் மொத்தம் ஒன்பது முறை வென்றார். அவ்வெண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை. 1961-இல் மங்கோலியாவின் மோமோவையும் ஆஸ்திரேலியாவின் பர்டியையும் வென்று, இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். சதுரங்கத்துக்காக அர்ச்சுனா விருது பெற்ற முதல்வரும் அவரே.

1962-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில், உலகப் பட்டத்துக்கான தேர்வுப் போட்டி நடைபெற்றது. அதில் ஆடியவர்கள் 23 பேர். ஆரோன் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மானையும் தோற்கடித்தார். இருவரும் அந்நாளில் உலகின் முன்னணி வீரர்கள். ஆனால் போட்டி முடிவில் ஆரோனுக்குக் கிடைத்தது கடைசி இடம்.

இம்முடிவை எவ்வாறு கொள்வது? கடைசி இடம் என்று எள்ளுவோர் உண்டு. இரு பெரும் வெற்றிகளை மட்டும் சொல்லி மகிழ்வோரும் உண்டு. இரண்டையும் ஒருசேர நோக்க வேண்டும் என்பது நம் கருத்து. தனித்த ஆட்டத்தில் எவரையும் வீழ்த்தும் ஆற்றல் நம்மவரிடம் இருந்தது. நாள்தோறும் வலியவரோடு மோதித் தேறும் வாய்ப்பும், புதிய நூல்களும், பயிற்றுநரும் இந்நாட்டில் இல்லை. குறை ஆளிடம் இல்லை, சூழலில் இருந்தது. ஆரோன் இதனை நன்கு உணர்ந்திருந்தார் போலும். 1972-இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு மையத்தில், உலக சாம்பியனாக விளங்கிய மிகயீல் தாலின் பெயரால் சதுரங்கக் கழகம் ஒன்றை அவர் ஏற்படுத்தினார். நூலும் பலகையும் கடிகாரமும் அங்கே எல்லாருக்கும் கிடைத்தன. அக்கழகத்தில் வந்து ஆடிய சிறுவர்களுள் ஒருவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

வாயில் திறந்த கதை

தேசியப் போட்டியின் அமைப்பைச் சற்று விளக்குவது நலம். ஒவ்வொரு மாநிலத்திலும் தேர்வுப் போட்டி நடக்கும். அதில் தேறியவர்கள் ‘நேஷனல் பி’ எனப்பட்ட பெரும்போட்டிக்குச் செல்வர். நூற்றுக்கணக்கானோர் ஆடும் அப்போட்டி சுவிஸ் முறையில் நடக்கும். அதாவது, ஒவ்வொரு சுற்றிலும் சமமான புள்ளிகள் பெற்றவர்களே எதிரெதிர் அமர்த்தப்படுவர். வெல்ல வெல்ல எதிராளி வலியவராவார். தோற்பவருக்கும் ஆட்டம் நின்றுவிடாது. அதில் முன்னணியில் வந்தோர் ‘நேஷனல் ஏ’ போட்டியில் நுழைவர். அங்கே ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் ஆடியாக வேண்டும். பெயர்கள் பின்னாளில் மாறின. நடைமுறையிலும் திருத்தங்கள் ஏற்பட்டன. ஆயினும் அடிப்படை ஒன்றே: சிபாரிசுக் கடிதம் கொண்டு உள்ளே போக முடியாது, வென்றால் போகலாம்.

இதன் பயனை முகமது ரஃபீக் கானின் வாழ்க்கை காட்டும். போபால் நகரில் தச்சுத் தொழில் செய்து வந்தவர் அவர். பகலில் உளி பிடித்த கை மாலையில் காய் நகர்த்தியது. தேசியப் போட்டிகளின் வழியே மேலேறி, 1980-இல் மால்டா ஒலிம்பியாடில் தம் பலகைக்குரிய வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பியாடில் அத்தகைய பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. சுல்தான் கானுக்கு ஒரு நிலக்கிழார் வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, ரஃபீக் கானுக்கு அரங்கின் கதவைத் திறக்க ஒரு போட்டி அட்டவணை போதுமாயிருந்தது. இவ்விருவருக்கும் இடைப்பட்ட தொலைவே தேசியப் போட்டி நாட்டுக்குச் செய்த தொண்டு.

கதவு தானாகவே முழுவதும் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகளிருக்கான தேசியப் போட்டி 1974-இல்தான் தொடங்கியது. முதற் பட்டத்தைப் பம்பாயைச் சேர்ந்த வசந்தி காடில்கர் வென்றார். அவருடைய சகோதரிகள் ஜயஸ்ரீயும் ரோகிணியும் அடுத்தடுத்துப் பட்டங்களைக் குவித்தனர். 1976-இல், பதின்மூன்று வயதுச் சிறுமியான ரோகிணி ஆடவர் தேசியப் போட்டியில் ஆட முன்வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அப்போது உலகச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த மாக்ஸ் யூவே, பெண் என்னும் காரணத்தால் எவரையும் தேசியப் போட்டியிலோ பன்னாட்டுப் போட்டியிலோ தடுக்கலாகாது என்று தீர்ப்பளித்தார். ஒரு சிறுமியின் விடாப்பிடியால் உலகத்துக்கே ஒரு விதி தெளிவாயிற்று. பின்னாளில் நம் சென்னையின் எஸ். விஜயலட்சுமி ஆறுமுறை தேசிய மகளிர் பட்டம் வென்றார். தில்லியின் தானியா சச்தேவ் 2006, 2007 ஆகிய ஈராண்டுகளில் அப்பட்டத்தைப் பெற்றார்.

வயதும் தடையாகவில்லை. 1978-இல் கல்கத்தாவின் திவ்யேந்து பருவா பன்னிரண்டாம் வயதிலேயே தேசியப் போட்டியில் ஆடினார். பிற்காலத்தில் மூன்று முறை பட்டமும் வென்றார். பம்பாயின் பிரவீண் திப்சே ஏழுமுறை வென்று, ஆரோனுக்கு அடுத்த நிலையில் நிற்கிறார்.

ஆனந்தின் எழுச்சி

தால் கழகத்துச் சிறுவர் என்று மேலே நாம் குறித்தது விசுவநாதன் ஆனந்தையே. தந்தையார் தென்னக ரயில்வேயில் பொது மேலாளர் பதவி வரை உயர்ந்தவர். சதுரங்கம் கற்பித்த முதல் ஆசிரியர் அன்னையார் சுசீலா அம்மையார். ஆனந்த் 1983-இல் தேசிய இளஞ்சிறார் போட்டியில் ஒன்பது ஆட்டங்களிலும் வென்றார். 1986-இல் பதினாறு வயதில் தேசியப் பட்டத்தைச் சூடினார். மேலும் இருமுறை அதனை வென்றார். 1987-இல் உலக இளையோர் பட்டமும், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் என்னும் சிறப்பும் அவரை அடைந்தன.

தலைநகர்த் தமிழராகிய நமக்கு 2000-ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு உலகப் பட்டப் போட்டி புதுதில்லியில் நடைபெற்றது. இறுதிப் பந்தயம் மட்டும் டெஹ்ரானில் நடந்தது. அதில் ஷிரோவை வென்று ஆனந்த் உலக சாம்பியன் ஆனார். பிறகு 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளிலும் உலகப் பட்டம் அவரிடமே இருந்தது. 2013-இல் சென்னையில் கார்ல்சனிடம் அதனை இழந்தார்.

கவனிக்க வேண்டியது யாதெனில், தேசியப் பட்டம் ஆரோனுக்குச் சிகரமாயிருந்தது. ஆனந்துக்கு அதுவே படிக்கட்டாயிற்று. அப்படிக்கட்டு இல்லாதிருந்தால் அச்சிகரத்துக்கு ஏறியிருக்க முடியுமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இன்றைய நிலை

ஆனந்துக்குப் பின் காட்சி பெரிதும் மாறியது. வங்கத்தின் சூரிய சேகர கங்கூலி 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறுமுறை பட்டம் வென்று சாதனை புரிந்தார். தமிழகத்தின் ஆதிபன் 2009-இலும், சேதுராமன் 2014-இலும் பட்டம் வென்றனர். 2015, 2016 ஆகிய ஆண்டுகளின் பட்டங்களைக் கார்த்திகேயன் பெற்றார். அரவிந்த் சிதம்பரமும் அடுத்தடுத்து இருமுறை வென்றார். பதின்மூன்றாம் வயதில் கிராண்ட் மாஸ்டராகி உலகை வியக்கச் செய்த தில்லி மைந்தர் பரிமார்ஜன் நேகி 2010-இல் பட்டம் பெற்றார். இன்று நாட்டில் கிராண்ட் மாஸ்டர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழகத்தவர்.

2022-இல் ஒலிம்பியாடு போட்டி மாமல்லபுரத்துக்கு வந்தது. வரலாற்றில் முதன்முறையாக ஏற்றப்பட்ட ஒலிம்பியாடு சுடரின் ஓட்டம் அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் நம் தில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கிலிருந்தே புறப்பட்டது. 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா ஆடவர், மகளிர் ஆகிய இரு பிரிவிலும் தங்கம் வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னையின் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார்.

இவ்வளவு மகிழ்ச்சிக்கிடையே ஒரு கவலையும் உண்டு. உலக சாம்பியனான குகேஷ் தேசியப் பட்டத்தை வென்றவர் அல்லர். இன்றைய முன்னணி வீரர் பலர் இளம் வயதிலேயே வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் சென்றுவிடுகின்றனர். தேசியப் போட்டிக்கு அவர்கள் வருவது அருகிவிட்டது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வலியவர் இருக்குமிடத்தைத் தேடித்தான் வலியவர் செல்வர். அப்படியாயின் தேசியப் பட்டத்துக்கு இனி என்ன மதிப்பு என்று சிலர் கேட்கின்றனர்.

அவ்வினாவுக்கு வரலாறே விடை தருகிறது. வெளிநாட்டுப் பயணம், பயிற்றுநர் ஊதியம், விடுதிச் செலவு ஆகியவற்றைத் தாங்க வல்ல குடும்பங்கள் எத்தனை? வசதி படைத்தவரும், நிதியுதவி பெற்றவரும் மட்டுமே மேலேற முடியும் என்றால், நாம் மீண்டும் புரவலர் காலத்துக்கே திரும்பிவிடுவோம். நிலக்கிழாரின் இடத்தில் நிறுவனம் வந்து அமரும், வேறுபாடு அவ்வளவே. சிற்றூரில் ஆடும் ஒரு சிறுவனோ சிறுமியோ, மாவட்டம், மாநிலம், நாடு என்று வெற்றியை மட்டுமே துணையாகக் கொண்டு ஏறிச் செல்லும் பாதை தேசியப் போட்டி ஒன்றே. 2022-இல் கான்பூரில் பட்டம் வென்ற அர்ஜுன் எரிகைசி, இரண்டே ஆண்டுகளில் 2800 தரப்புள்ளியைத் தொட்டார். ஆனந்துக்கு அடுத்து அவ்வெல்லையை எட்டிய இரண்டாம் இந்தியர் அவர். பாதை இன்றும் பழுதுபடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆனால் பாதையில் நடப்பதற்கும் செலவு உண்டு. தேசியப் போட்டிக்குச் செல்லும் வீரர்களுக்கு ரயில் கட்டணத்தில் நெடுங்காலம் சலுகை வழங்கப்பட்டு வந்தது. பயணச்சீட்டு முகப்பில் பணிபுரிந்தோர் அக்காட்சியை அறிவர்: கையில் சான்றிதழ், கக்கத்தில் சுருட்டிய பலகை, பக்கத்தில் தந்தையோ தாயோ. 2020-இல், கொள்ளை நோய்க் காலத்தில், அச்சலுகை நிறுத்தப்பட்டது. பெரிய பரிசுத் தொகைகளைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டின் விலையால் வீட்டிலேயே நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இவ்வரலாற்றை ஆண்டு விழா மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் சங்கங்களில் திருக்குறள் ஒப்புவித்தல், கோலம், பாட்டு, பேச்சு எனப் பல போட்டிகளைச் சிறப்பாக நடத்துகிறோம். அவற்றோடு ஒரு சதுரங்க அறையையும் சேர்த்துக்கொள்ளலாகாதா? பத்துப் பலகைகளும் பத்துக் கடிகாரங்களும் வாங்க ஆகும் செலவு, ஒரு விழாப் பந்தலின் செலவில் சிறு பகுதியே. ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் அறை திறந்திருந்தால் போதும். சென்னையில் ஓர் அறையைத் திறந்துவைத்த ஆரோனின் செயல் எங்கே போய் முடிந்தது என்பதை மேலே கண்டோம்.

ஒன்றை மட்டும் நிபந்தனையாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் என்னும் வரம்பு அவ்வறைக்கு வேண்டா. உயர் அதிகாரியின் மகனும், உணவு விடுதிச் சமையற்காரரின் மகளும், பக்கத்துத் தெருவில் இந்தி பேசும் சிறுவனும் ஒரே பலகையின் இருபுறமும் அமரட்டும். முதலிடம் பெறும் இருவரைத் தில்லி மாநிலப் போட்டிக்கு அனுப்பும் நுழைவுக் கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் சங்கம் ஏற்கட்டும். அடுத்த ஆண்டு விழா மலரில் அவ்விருவர் பெயரையும் அச்சிடும் பேற்றை நாம் பெறுவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!